வெள்ளைத் திரையில் ரத்தம்

தையல்காரருக்குக் கோபம் வந்தால் கடையே கிடுகிடுக்கும். அன்று கோபத்துக்கு நியாயமும் இருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளை ஜன்னல் திரையின் அடிப்பக்கமெல்லாம் ரத்தப் பொட்டு.

"யாரு விரல்ல ஊசியக் குத்திக்கிட்டது? கைய நீட்டுங்க."

பொத்தான் தைக்கும் மனைவி நீட்டினாள். காஜா எடுக்கும் மைத்துனர் நீட்டினார். இருபது விரலும் சுத்தம்.

"எங்க கையப் பாத்தது போதும். கீழ பாருங்க," என்றாள் மனைவி.

திரை தொங்கி உரசும் மெஷின் மிதியில் ரத்தம் பிசுபிசுத்தது. செருப்புப் போட்டு மிதித்தால் வேகம் பிடிபடாது என்பது தையல்காரர் கட்சி, வெறுங்கால்தான். தூக்கிப் பார்த்தால், உள்ளங்காலில் ஒரு குண்டூசி கொண்டைவரை இறங்கியிருந்தது.

"வலிக்கலையே," என்றார், ஏதோ பரிசு வாங்கியவர்போல.

இந்த 'வலிக்கலையே'யை வைத்துக்கொண்டுதான் மனிதர் ஒன்பது வருஷமாகச் சர்க்கரை நோய்க்குத் தண்ணி காட்டிவந்தார். தலை சுற்றினால் மாத்திரை, சுற்றாவிட்டால் கிடையாது. கால் எரிகிறதென்று போன வருஷம்வரை புலம்பியவர், எரிச்சல் தானாக நின்றதும் குணமாகிவிட்டதென்று குஷியானாரே, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை எடுத்து, காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு ஒரு நைலான் இழையை எடுத்தாள்.

"கண்ண மூடிக்குங்க. கால்ல பட்டதும் சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். "ஆரம்பிக்கலாமே?"

"ரெண்டு காலும் முடிச்சாச்சு."

விரலால் தொட்டே நூலின் நம்பரைச் சொல்லுகிறவர் கண்ணைத் திறந்து தன் காலையே பார்த்தார். "எரிச்சல் நின்னுச்சேம்மா?"

"நரம்பு செத்தாலும் நிக்கும். போன உணர்ச்சி திரும்புறது கஷ்டம். இந்தக் காயம் தெரியாமலே சீழ் புடிச்சிருந்தா விரலு, ஏன், பாதமே போயிருக்கலாம். இனிமே மாத்திரைய விடாதீங்க. சர்க்கரை கட்டுல இருந்தாத்தான் கண்ணுக்கும் கிட்னிக்கும் நல்லது. அந்த ரெண்டையும் வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டுங்க. செருப்பில்லாம ஒரு அடி வைக்காதீங்க. தெனம் உள்ளங்காலப் பாருங்க."

காயம் ஆறிக் கடைக்கு வந்த அன்று செருப்புக் காலோடு மிதித்தார். மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடி, தையல் கோணிற்று. பிரித்தார், மறுபடி தைத்தார். செருப்பைக் கழற்றவில்லை.

சாயங்காலம் மனைவி கடைக் கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து, அவர் பாதத்தை மடியில் வாங்கி, குதிகாலிலிருந்து விரல் இடுக்குவரை தடவிப் பார்த்தாள். அவள் கை இப்போது எங்கே இருக்கிறது என்பதை அவர் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.