பெட்டியில் கொஞ்சம் இடம்

ஓட்டல் அறையில் தன் கட்டில் நிறையப் பைகளைப் பரப்பிவிட்டு, பார்லர்க்காரி இடுப்பில் கைவைத்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பு, காப்பிப்பொடி நிறம், வெளிர் ரோஸ். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு வைத்தாற்போல் அந்தப் பெரிய கம்பெனியின் பித்தளைச் சின்னம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும் என்பதால் அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாப் பைகளும் நிஜமாகவே விலை உயர்ந்தவை போலத்தான் இருந்தன.

"அக்கா, உங்க பெட்டி காத்து வாங்குதே. நாலு மட்டும் அதுல வச்சுக்கட்டுமா?"

பெட்டி காற்று வாங்கத்தான் செய்தது. சுற்றுலாவில் வந்த மற்றவர்களெல்லாம் பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்க, பெட்டிக்குச் சொந்தக்காரியான அவளுக்கோ வாங்கிப் போக ஆளில்லை. தினமும் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கியிருந்தாள். மகன் இருப்பது வேறொரு தேசத்தில். "இங்க கிடைக்காதது அங்க என்னம்மா கிடைக்கப்போகுது" என்று முன்பே சொல்லிவிட்டான். இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவனும் அவன்தான். கணவர் போய்ச் சேர்ந்து, தானும் பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவள் வீட்டில் பேச்சு என்பதே தொலைக்காட்சியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வாந்தி, கால்வலி என்று யார் சொன்னாலும் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்ததில், இரண்டாம் நாளே அவள் 'மருந்து மேடம்' ஆகிவிட்டாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு எல்லோரும் தத்தம் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

தனியாக வந்த பெண்கள் இரண்டே பேர். அதனால் ஒரே அறை. முதல் நாள் இருவரும் 'நீங்க', 'பரவாயில்ல', 'நீங்க முதல்ல குளிங்க' என்று ரயில் சிநேகம் போலத்தான் இருந்தார்கள். அடுத்த நாள் பார்லர்க்காரி அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, "என்னக்கா இது, தலை பாதி நரை பாதி கறுப்புன்னு? என் ரூம்மேட்டை இப்படி வெளிய விட்டா என் தொழில் என்னாகும்?" என்று குளியலறை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டாள். தோளில் ஓட்டல் துண்டு. உச்சியில் வகிடு பிரித்து, பிரஷ்ஷால் சாயம் தடவி, விரல் நுனியால் மெல்லப் பரப்பினாள். கடைசியாகத் தன் தலையில் இன்னொருவர் கை பட்டது எப்போது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது. "எரியுதாக்கா?" என்று பார்லர்க்காரி பதறினாள். ஆமாம் என்றாள். அன்று மாலையிலிருந்து அவள் பார்லர்க்காரியை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

நேற்று அந்தக் கடைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். கடை என்று சொல்ல முடியாது. துணிகள் தொங்கிய ஒரு சந்துக்குள் நுழைந்து, லிஃப்டில் ஏறி, யாரோ குடியிருக்கும் வீட்டுக்குள் போய், திரை போட்ட படுக்கையறையில் பீரோவைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பைகள். கூடத்தில் ஒரு குழந்தையின் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. வாசலில் ஓர் ஆள் போலீஸ் வருகிறதா என்று பார்த்து நின்றான். விற்ற பெண் எங்கிருந்தோ கற்றுக்கொண்ட தமிழில், "அக்கா, ஃபர்ஸ்ட் காப்பி அக்கா! மாமியாருக்குத் தெரியாது அக்கா!" என்று கூவினாள். இருவரும் சிரித்ததில் பேரம் பேசவே மறந்துபோனது. அவளும் ஒரு சிவப்புப் பை எடுத்துக்கொண்டாள். போலியை வாங்குவது தப்புதான் என்று தெரியும். ஆனாலும் தோளில் மாட்டி நின்றபோது, "சூப்பர்க்கா, பத்து வயசு கொறஞ்சிட்டீங்க" என்று சொல்ல பக்கத்தில் ஒருத்தி இருந்தாள்.

"எல்லாம் ஒரே பெட்டியில இருந்தா கஸ்டம்ஸ்ல கேள்வி கேப்பான்" என்றாள் பார்லர்க்காரி, ஒரு பையைத் துண்டில் சுற்றிக்கொண்டே. "பிரிச்சு வச்சா சொந்த உபயோகம்."

"இத்தனையும் யாருக்குடி?"

"கஸ்டமருங்களுக்குத்தான். புருவம் எடுக்க உக்காந்தா கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்கதை பூரா கொட்டுவாங்க. யாருக்கு எந்தப் பை மேல கண்ணுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஃபர்ஸ்ட் காப்பின்னு சொல்லித்தானே குடுப்ப?"

"கேட்டா சொல்லுவேன். கேக்க மாட்டாங்க. அவங்களுக்கும் தெரியும்க்கா. தெரியாத மாதிரி இருக்கறதுக்குத்தான் காசே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே முன்வந்து பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். மூன்று பைகள் உள்ளே போயின. நான்காவது அந்த ரோஸ் நிறப் பை. அதற்கு மட்டும் கெட்டி அட்டைப் பெட்டி, ரிப்பன், கேரண்டி கார்டு, கம்பெனி முத்திரையோடு அச்சடித்த பில்.

"இதுக்கு மட்டும் என்ன இவ்ளோ அலங்காரம்?"

"அது ஒரு டீச்சரம்மாவுக்கு. பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தியம்மா கொஞ்சம் பெரிய இடம். கையில குடுக்கறது அசலா இருக்கணும்னு ஒரே பிடிவாதம். சேத்து வச்ச பணம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

பார்லர்க்காரி ரிப்பனைச் சரிசெய்தாள். "தெரிஞ்சா வாங்குவாங்களா?"

"என்னன்னு சொல்லிக் குடுக்கப் போற?"

"எங்க அக்கா இங்கதான் இருக்காங்க, கம்பெனிக் கடையிலயே நின்னு வாங்கிக் குடுத்தாங்கன்னு. உங்க போட்டோவைக்கூட அனுப்பிட்டேன். பாருங்களேன்."

ஆற்றங்கரைக் கம்பியில் சாய்ந்து, இரு தலைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும் படம். அதற்குக் கீழே டீச்சரம்மாவின் பதில்: 'அக்கா முகமே சொல்லுது, நல்ல மனசு. என் நன்றியைச் சொல்லுங்க.' படத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சிரித்த படம் வீட்டில்கூட ஒன்றும் கிடையாது. அதை ஒருமுறை தனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் 'அக்கா முகமே சொல்லுது' என்ற வரியை மறுபடி படித்தாள். கவுன்டரில் இருந்த அத்தனை வருஷமும் மாத்திரை அட்டையை எவரும் திருப்பிப் பார்த்ததில்லை. கொடுக்கிறவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் சரியாக இருந்தால் கொடுத்ததை விழுங்குவார்கள். அந்த முகத்தோடுதான் அவள் இத்தனை நாள் இருந்தாள்.

"மூணையும் நான் கொண்டு வரேன்" என்றாள். "டீச்சர்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடு. சொல்லிட்டா அதையும் நானே எடுத்துட்டு வரேன்."

"நேத்து நீங்களும்தானே ஒண்ணு வாங்குனீங்க?"

"தெரிஞ்சு வாங்கினேன். அந்தம்மா பொண்ணு வாழப்போற வீட்டுல கொண்டுபோய் குடுக்கறாங்க. அங்க ஒருத்தி கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிச்சா கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லட்டும். ஒரு தோல்பைக்கு ஒரு வருஷச் சம்பளம் கேக்கறானே, அவன் மட்டும் யோக்கியமா?" பார்லர்க்காரியின் குரல் ஏறியது. "உங்களுக்கு பென்ஷன் வருது. மகன் டிக்கெட் போட்டு அனுப்பறான். நியாயம் பேச நேரம் இருக்கு. நான் காலையில ஷட்டரைத் தூக்கினா ராத்திரி இறக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்."

"நான் உன்னத் தப்பா சொல்லல..."

"வேற எப்படிச் சொல்றதாம்?" பார்லர்க்காரி பெட்டிக்குள் கைவிட்டு மூன்று பைகளையும் உருவி எடுத்தாள். புடவை மடிப்புகள் கலைந்தன. "மேடம், ஒண்ணு தெரியுமா? உங்களோட தங்க முடியுமான்னு டூர்காரன் முதல்ல அந்த ரிட்டயர்ட் மேனேஜரோட தங்கச்சியத்தான் கேட்டான். மேல காசு குடுத்தாவது அண்ணன் குடும்பத்தோட ரூம்லயே இருந்துக்கறேன்னு அந்தம்மா போயிடுச்சு. உங்கள மருந்துக் கவுன்டர்ல பாத்திருக்காம், மூஞ்சியப் பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருதாம். நான்தான் சரின்னேன்."

பார்லர்க்காரி வெளியே போய்க் கதவைச் சாத்திய சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. அவள் கலைந்த புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி மடித்தாள். மடித்து வைத்த பிறகும் பாதிப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு இறங்கிப் போனபோது பார்லர்க்காரி புதுக் கல்யாண ஜோடியின் மேஜையில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். அவள் மூலையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, அறைக்குத் திரும்பி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்லர்க்காரி வந்து விளக்கை அணைத்தாள். இருவரும் தூங்குவது போல மூச்சு விட்டார்கள்.

காலையில் விமான நிலையத்தில் பார்லர்க்காரியின் பைகளெல்லாம் குழுவில் ஆளாளுக்குத் தோளில் தொங்கின. புது மாப்பிள்ளை ஒரு பெண்கள் பையை மாட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்து காட்ட, வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

விமானத்தில் இருக்கைகள் மட்டும் அறைக் கணக்குப்படி போட்டிருந்தார்கள். பார்லர்க்காரி வந்து, எண்ணைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோஸ் பை இருந்த அட்டைப் பெட்டியை முன்னிருக்கைக்கு அடியில் தள்ளி, இரண்டு கால்களாலும் அணைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். டீச்சரம்மாவின் படம் தெரிந்தது. பார்லர்க்காரியின் கட்டைவிரல்கள் எழுதின, நின்றன, அழித்தன, மறுபடி எழுதின. அதைப் படிக்காமல் இவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். போனை அணைக்கச் சொல்லிப் பணிப்பெண் வந்தபோது, அந்தச் செய்தி போனதா, அழிந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

மேகத்துக்கு மேல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. நடுவழியில் எப்போதோ பார்லர்க்காரியின் தலை சரிந்து, அவள் தோளில் வந்து நின்றது. தூக்கம்தானா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடக்கூடும். தோள் வலித்தது. பிறகு கை மரத்துப்போனது. தாகம் இருந்தும் எதிரே தட்டிலிருந்த தண்ணீரை எடுக்கவில்லை. விமானம் மூக்கைத் தாழ்த்த ஆரம்பித்தது. இருக்கைகளை நேராக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்த பணிப்பெண், இவர்களிடம் வந்து, எழுப்பிவிடுங்கள் என்று சைகை காட்டினாள்.

அவள் மரக்காத கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சநேரம் என்று ஒரு விரலைக் காட்டினாள். கீழே கூரைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.