எல்லைக்கல் வரைக்கும்

கயிற்றைப் பலமாக இழுத்த பிறகுதான் புதர் அறுக்கும் மெஷின் இருமிக்கொண்டு பிடித்தது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வானதி மெஷினின் தோள்வாரை இறுக்கிக்கொண்டு, முனையில் பூட்டிய பல் பிளேடு தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, வாய்க்கால் கரையைப் பார்த்து நடந்தாள். உள்ளே, பாபநாசத்திலிருந்து வந்த ஐஸ் பெட்டியில் அவள் அப்பா தியாகராசன் படுத்திருந்தார்.

அந்தத் தெருவில் நாலு வருஷமாக யாரும் சாகவில்லை. தண்ணீர் வாகு என்பார்கள். அசல் காரணம் அதுவல்ல. செத்தால் வாய்க்கால் கரையில் போகும் சுடுகாட்டுப் பாதையை யார் சுத்தம் பண்ணுவது என்று யோசித்து ஆளாளுக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கரை முழுக்கச் சீமைக் கருவேலங்கன்று ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. ஆட்டைத் தேடி உள்ளே போன ஒருத்தர் மறுவருஷம் குத்தாலத்துக்குப் பக்கத்தில் வெளியே வந்தார். போனது ஒரு ஆட்டுக்காக, வந்தது மூன்று ஆட்டோடு. அதற்காகத் தார் ரோட்டில் பிணத்தைக் கொண்டுபோக முடியாது. ரோடு கோயில் வாசலைத் தொட்டுப் போகிறது. விறகு அந்த வழியாக டிராக்டரில் போகலாம், பிணம் போகக் கூடாது.

தியாகராசனுக்குத் தோள் விட்டுப்போனதிலிருந்து மெஷினை ஓட்டுவது வானதிதான். சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் புதர் அறுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். புல்லுக்கு நைலான் நரம்பு, கன்றுக்கு பிளேடு. தெருவில் வேறு யாருக்கும் அதைக் கிளப்பத் தெரியாது.

காலையிலேயே சித்தப்பா மதிவாணனிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"நானும் அப்பா கூட வரேன் சித்தப்பா. கடைசி வரைக்கும்."

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும்மா."

"தஞ்சாவூர்ல வராங்களே."

"அங்க கரண்டு. இங்க விறகு."

தம்பி அரவிந்தன் சிங்கப்பூரிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியிருந்தான். அவனுக்குத் தீச்சட்டி. அவளுக்கு மெஷின். பெண்களோடு உட்கார்ந்து அழலாம் என்று போனாள், உட்கார்ந்ததும் எழுந்தாள். பெட்ரோல் ஊற்றினாள். மறுபடி போய் உட்கார்ந்தாள். பிளேடு நட்டை ஒரு தரம் முறுக்கிவிட்டு வந்தாள். இவளை வெளியே அனுப்பினால்தான் மற்றவர்கள் நிம்மதியாக அழ முடியும் என்ற நிலைமை வந்தபோது சித்தப்பா பாதையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். சொல்லும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"எல்லைக்கல்லோட நின்னுடு. அதுக்கு அந்தாண்ட சுடுகாடு, பொம்பளை கால் படக் கூடாது. மிச்சத்த நம்ம ஆளுங்கள விட்டு அருவாளால வெட்டிக்கிறேன்."

விரல் தடிமன் கன்றுகள் ஒரே வீச்சில் சாய்ந்தன. மணிக்கட்டு தடிமனை இரண்டு பக்கமும் பார்த்து அறுக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் பிளேடு எகிறி அடிக்கும். எகிறியது. அவள் விடவில்லை. சாய்ந்த முள்ளைக் காலால் வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டே போனாள். எல்லைக்கல் வந்தது. கல்லுக்கு அப்பால் கருவேலம் இதைவிட அடர்த்தி. அதன் சந்தில் தகரக் கொட்டகை தெரிந்தது, டிராக்டர்காரன் கொட்டிவிட்டுப் போன விறகும் தெரிந்தது. டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. கொஞ்ச நேரம் மெஷினை உறுமவிட்டபடி அங்கேயே இப்படியும் அப்படியும் நடந்தாள். பிறகு அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

சித்தப்பா அப்போது பறைக்காரர்களோடும் பூக்காரரோடும் ஒரே வாயால் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். ஆச்சா என்றார். கல் வரைக்கும் ஆச்சு என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூக்காரர் பக்கம் திரும்பினார். அருவாளோடு ஆள் யாரும் கிளம்பவில்லை. அவர் மறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

பாடை கிளம்பியது. தெருமுனையில் பெண்கள் நின்றார்கள், அழுதார்கள், குளிக்கத் திரும்பினார்கள். வானதி மட்டும் போகவில்லை. தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பறைச் சத்தம் தேய்ந்தது, திடீரென்று நின்றது. அவளும் நின்றாள்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, அந்த மிச்சம்..."

"நீங்கதானே கல்லோட நிக்கச் சொன்னீங்க."

"சொன்னேன்." அவர் மேற்கே பார்த்தார். பொழுது தென்னை மட்டத்துக்கு இறங்கியிருந்தது. இருட்டுவதற்குள் தீ வைத்தாக வேண்டும். "மெஷின இப்படிக் குடு, நான் பாத்துக்கறேன்."

"கிளப்பத் தெரியுமா?"

வீட்டு மிக்சியைப் போடுவதற்கே பெண்சாதியைக் கூப்பிடுகிறவர் அவர். மேற்கே இன்னொரு தரம் பார்த்தார்.

"சரி, வா."

பாதி வழியில் வழக்கப்படி தலை மாற்றித் திருப்பிய பாடையை மறுபடி கீழே வைக்கக் கூடாது, பின்னால் கொண்டுபோகவும் கூடாது. தூக்கியவர்கள் எல்லைக்கல்லுக்கு முன்னால் தோளை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு அருவாளைத் தேடிப் பிடித்து வெட்டப் போன ஒருத்தர் கரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வானதி பாடையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அரவிந்தன் தீச்சட்டியோடு ஒதுங்கி வழிவிட்டான். மெஷின் பிடித்தது. அவள் கல்லைத் தாண்டிக் கால் வைத்தாள். சித்தப்பா வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கிற நேரத்து வேலை அது. அவள் ஒவ்வொரு கன்றாக, அடியோடு, தனித்தனியாக அறுத்தாள். பாடை அவள் பின்னால் அடி அடியாக வந்தது.

"கொஞ்சம் வெரசா அறும்மா, தோளு போவுது" என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

சித்தப்பா அவரைப் பார்த்தார். "அவ அறுக்கறாப்புல அறுக்கட்டும். நீ தோள மாத்து."

கருவேலம் முடிந்து கொட்டகைக்கு முன்னால் வெறுந்தரை வந்தது. அவள் மெஷினை அணைக்காமல் விறகைப் பார்த்து நடந்தாள். பிளேடு புழுதிக்கு ஒரு சாண் மேலே இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.