அம்சத்தின் கட்டைவிரல்

அம்சம் அதுநாள் வரை தன் கட்டைவிரலைப் பற்றி நினைத்ததே இல்லை. நாற்றுப் பறிக்க, பறித்ததை முடி முடியாகக் கட்ட, சேற்றில் ஊன்ற என்று அது பாட்டுக்குக் கூடவே உழைத்தது. இப்போது நன்னிலம் பயிற்சி மையத்தின் வாசலில் ஒரு குட்டி மெஷின், அந்த விரலைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தொடைச்சிட்டு வையிம்மா," என்றார் ஆபீஸ் பார்க்கிற நடராசன்.

"தொடச்சுத் தொடச்சுத் தோலே உரிஞ்சிடும் போல இருக்கு சார்."

சட்டசபையில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஆளைப் பழக்கி வேலையில் உட்கார்த்திவிட வேண்டும். வந்தாளா வரவில்லையா என்பதைக் கைரேகைதான் சொல்லும். ரேகை விழாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இங்கே பதிகிற ரேகையே வேலை கொடுக்கிற இடத்துக்கும் போய்விடுமாம். அங்கே மறுபடி பதிந்தால் நேரம் வீணாகுமாம். எல்லாவற்றிலும் அப்படியொரு அவசரம்.

அம்சத்துக்கு அந்த அவசரம் பிடித்துத்தான் இருந்தது. இனிமேல் சேற்றில் குனிந்தால் நிமிர மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் இந்தப் பயிற்சி. நின்றபடி பார்க்கிற வேலை, மாதச் சம்பளம். அது கிடைக்காவிட்டால் சம்பா நடவுக்குப் பஞ்சநதம் வீட்டு வயலில் போய்க் குனிய வேண்டியதுதான். நினைத்தாலே இடுப்பு விண்ணென்று தெறித்தது.

பாடம் நடத்துகிற நீலாம்பாள் முன்பு நர்ஸாக இருந்தவள். அம்சத்தின் கையைப் புரட்டிப் பார்த்தாள். "நாத்துப் பறிச்சே தேஞ்சிருக்கு அக்கா. கொஞ்ச நாள் கையைச் சும்மா வைங்க. தேங்காயெண்ணெய் தடவுங்க. ரேகை வந்துடும்."

கையைச் சும்மா வைப்பதாம். எந்த வீட்டில் நடக்கும் இதெல்லாம்? ஆனாலும் வைத்தாள். அவள் புருஷன் செல்லதுரை பாத்திரம் கழுவினான், துணி துவைத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ரேஷன் கடையில உன் விரலு விழலன்னா நான் போயி வக்கிறேன்ல? அங்கயும் நானே வந்து வச்சிட்டுப் போறேன். இந்தச் சட்டிய நீயே கழுவு," என்றான் சாம்பல் கையோடு.

"அங்க என்ன அரிசியா போடுறாங்க? பேசாம அடியைத் தேயிங்க, கரி அப்படியே இருக்கு."

ஒருநாள் காலையில் பச்சை விளக்கு எரிந்தது. நடராசனே எழுந்து நின்றுவிட்டார். அம்சத்துக்கு அழுகை வந்துவிட்டது. கட்டைவிரலை முந்தானையில் பொதிந்துகொண்டு போய் வகுப்பில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் செய்முறைப் பயிற்சி ஆரம்பித்தது. நோயாளியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. தொட்ட பிறகு கழுவு. தரையைப் பினாயில் போட்டுத் துடை. துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் அலசு. சேறு செய்ய வருஷக்கணக்கில் ஆனதை இந்தத் தண்ணீர் ஒரே வாரத்தில் செய்துவிட்டது. மறுபடி சிவப்பு விளக்கு.

அம்சம் நேராக நடராசன் மேஜைக்குப் போனாள். "வயல்ல வேலை பார்த்தா ரேகை போவுது. நீங்க சொல்ற வேலையைப் பார்த்தாலும் போவுது. அப்ப என்னதான் சார் பண்ணணுங்கிறீங்க? வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா, விரலுக்கு ஆள் எடுக்கிறீங்களா?"

நடராசன் நெற்றியைத் துடைத்தார். மாதக் கடைசிக்குள் எல்லோரையும் தேற்றி அனுப்பாவிட்டால் மையத்தையே மூடிவிடுவார்கள். நீலாம்பாள் வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கும் விழாதுக்கா. ஆஸ்பத்திரியில கை கழுவிக் கழுவியே போயிட்டுது. என் பேர்ல தினம் விழறது சாரோட மோதிர விரலு."

அம்சம் அந்த மனுஷனின் கையைப் பார்த்தாள். டீ கிளாஸையும் பேனாவையும் தவிர வேறெதையும் தூக்காத கை. ரேகை ஒவ்வொன்றும் கோலம் போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இடது சுண்டுவிரல் சும்மாதான் இருக்கு," என்றார் நடராசன் தரையைப் பார்த்தபடி. "உன் பழைய பதிவை அழிச்சிட்டு இதை ஏத்திடறேன். ரேஷன் கடையில வீட்டு ஆளு வக்கிறதில்லையா, அந்த மாதிரி நினைச்சுக்க."

வேறு வழி? அம்சம் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவர் சுண்டுவிரல் தவறாமல் பயிற்சிக்கு வந்தது. மாதக் கடைசியில் சான்றிதழும் வந்தது. செல்லதுரை அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பாத்திரத்தை அவளிடம் தள்ளினான்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் நீலப் புடவை கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு மெஷின், அதே சிவப்பு விளக்கு. கட்டைவிரலை வைத்தாள். தீப்பெட்டியில் குச்சியைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று ரேகை விழாவிட்டால் வேலைக்கு வராதவள் என்று கணக்காகி, இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதிலும் அவசரம்தான்.

மெஷின் பக்கத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கட்டைவிரல் இல்லம்மா. உங்க பேர்ல இடது சுண்டுவிரல்தான் பதிஞ்சிருக்கு. அதை வைங்க."

அம்சம் தன் இடது சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள்.

"அந்த விரலு நன்னிலத்துல ஆபீஸ்ல உக்காந்திருக்குங்க," என்றாள்.