கிரகத்தை யாரும் குலுக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். துணி காயப்போட மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு கோகிலவாணி அவள் வீட்டு மாடியில் நின்று மாமனாரிடம் போனில் அழுதபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா நான் அவரு வயித்தைச் சொல்லலீங்க மாமா. பூமியோட வயித்தைத்தான் சொன்னேன்."

கையிலிருந்த கிளிப் கீழே விழுந்துவிட்டது. பூமிக்கு வயிறா? அதற்காக ஒரு பெண் அழுவாளா? அன்று துணி காயவில்லை. நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், இருண்ட வெளியில், தூசும் கல்லும்..."

அடித்துவிட்டேன். அப்போது நான் அங்கே இல்லை. பார்க்காததை எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. (சரி, கொஞ்சம் உண்டு.)

இரண்டாவது: "ராசிபுரம் பக்கத்தில் ஒரு சேகோ ஆலை இருந்தது." ஒன்றா? திரும்பின பக்கமெல்லாம் ஆலைதான். இதையும் விட்டேன்.

மூன்றாவது, பள்ளிக்கூட ஆயா வசந்தாமணி சொன்னபடி: "சின்னுசாமி மைக்கைப் பிடித்தார்."

இது நிற்கிறது.

3

சின்னுசாமிக்கு இரண்டு சொத்து. ஒன்று சேகோ ஆலை. இன்னொன்று, கோகிலவாணி அறிவியல் சொல்லித்தரும் தனியார் பள்ளி. அதற்கு அவர்தான் தாளாளர். இந்த வருடம் அவளைப் பணியில் நிரந்தரமாக்க வேண்டியவரும் அவர்தான். ஆகாவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கெங்கவல்லிக்கு வந்து காட்டு விவசாயத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புருஷன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான்; அவனுக்கு அப்பா சொல்வதுதான் சொல்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தெர்மாகோல் உருண்டைகளை வரிசையாகக் கம்பியில் செருகி ஒரு குழந்தை கிரகங்கள் செய்து வைத்திருந்தது. "ஏன் சாமி, எல்லாம் உருண்டையாவே இருக்குது?" என்று சின்னுசாமி கேட்டிருக்கிறார். குழந்தை விழித்தது. அவரே மேடையேறிப் பதில் சொன்னார்.

"நம்ம சேகோ மாதிரிதானுங்க. ஆண்டவன் மாவைத் தொட்டில்ல போட்டு ஒரு குலுக்குக் குலுக்குனான். பெருசாத் திரண்டது சூரியன், சிறுசாத் திரண்டது பூமி."*

கைதட்டல். பெற்றோர்களில் பாதிப்பேர் மரவள்ளி போடுகிறவர்கள், மீதிப்பேர் அதை அரைக்கிறவர்கள். உலகம் உண்டான விதம் தங்கள் ஆலையில் தினமும் நடக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அதோடு விட்டிருக்கலாம். "என்னங்க மிஸ், நான் சொன்னது சரிதானுங்களே?" என்று கோகிலவாணியிடம் மைக்கை நீட்டினார்.

[* வெளியூர்க்காரர்களுக்கு: மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த ஈர மாவைத் துணித் தொட்டிலில் கொட்டிக் குலுக்கினால் மணி மணியாக உருளும். வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. எங்களுக்கு அது சேகோ. பாயசம் குடிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.]

4

இந்த இடத்தில்தான் என் கதாநாயகிமேல் எனக்குச் சந்தேகம். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் வேலை கையில் இருந்திருக்கும். அவள் சொன்னது, "இல்லீங்க சார்."

கண்கள் கனல, தலை நிமிர்ந்து சொன்னதாக எழுதினேன். அவளிடமே வாசித்துக் காட்டினேன். "நான் எங்கீங்க்கா முறைச்சேன்? மைக்கை நீட்டுனாரு, வாயில வந்துருச்சு," என்றாள். கனலை எடுத்துவிட்டேன். துணிச்சல் என்று நான் நினைத்தது வெறும் பழக்கம். வகுப்பில் தப்பான விடைக்கு அவள் வாய் தானாகச் சொல்லும் சொல்.

பிறகு விளக்கினாளாம். சேகோவை வெளியே இருந்து ஒரு கை குலுக்குகிறது. கிரகத்துக்கு வெளியே கை இல்லை. தூசும் கல்லும் ஒன்றை ஒன்று இழுத்துச் சேர்கின்றன. சின்னதாக இருக்கும்வரை அது கிழங்கு மாதிரி கோணல்மாணலாகத்தான் கிடக்கும். விண்வெளியில் அப்படிக் கிழங்குக் கிழங்காகக் கற்கள் எத்தனையோ சுற்றுகின்றன. பெருத்துவிட்டால் அதன் எடையே அதை நடுவை நோக்கி இழுக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பாறைகூட அந்த இழுப்புக்குத் தாங்காது. உயர்ந்து நிற்பது இறங்கும், பள்ளம் நிரம்பும். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் என்று ஆகும்போது, அதுதான் உருண்டை.

இதுவரை பரவாயில்லை. சபை வாயைப் பிளந்து கேட்டிருக்கிறது. ஆனால் ஆசிரியைகள் ஒரு பாடத்தை முடிக்காமல் விடமாட்டார்கள்.

"முழு உருண்டையும் இல்லீங்க. எவ்வளவு பெருசா இருந்தாலும், தன்னைத்தானே சுத்திக்கிட்டே இருந்தா நடுவுல கொஞ்சம் வயிறு வெச்சிரும்ங்க."

மேடையில் இருந்த ஒரே வயிறு சின்னுசாமியுடையது. சபை முழுவதும் அதைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

வசந்தாமணி இதைச் சொல்லும்போதுகூட நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சின்னுசாமி மைக்கை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி கோகிலவாணிக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

5

முடிவு அ: அவர் அவளை வேலையை விட்டு... (எழுதவே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அவர் மேடையில் மன்னிப்புக் கேட்டுச் சால்வை போர்த்துகிறார். எங்கள் ஜில்லாவில் எந்தத் தாளாளரும் அப்படிச் செய்ததாக என் காதுக்கு எட்டியதில்லை. என் காதுக்கு எட்டாதது குறைவு.

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சின்னுசாமியின் கார் அவள் வீட்டு முன்னால் நின்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே வரச் சொன்னதற்கு அவர் வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க மிஸ், வெளியிலிருந்து யாருமே குலுக்கலீங்களா?"

"இல்லீங்க சார்."

"ஒரு கைகூடப் படலீங்களா?"

"படலீங்க. அதுவே தன்னைத்தானே இழுத்துக்கிச்சுங்க."

அவர் கேட்டிலிருந்து கையை எடுத்தார். "நான் எல்லாத்தையும் குலுக்கித்தானுங்க உருட்டுனேன். ஆலை, பள்ளிக்கூடம், பெத்த பையன்கூட. அவன் இப்ப என் ஊட்டுக்கு வாரதில்லீங்க."

திரும்பிக் காரில் ஏறிக்கொண்டார்.

என் கையிலிருந்த பைப் வாசலைக் குளமாக்கியிருந்தது. வயிற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை! நான் இந்தக் கதையையே அந்த வயிற்றை நம்பித்தான் தொடங்கினேன். வேலையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கோபக்காரன் என்று நான் எழுதி வைத்திருந்த ஆள் வேறு யாரோ.

6

திங்கட்கிழமை காலை, சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி ஒன்றோடு கெங்கவல்லியிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். முடிவு தெரிந்த பிறகு வந்தால் போதாதா என்று நான் கேட்கவில்லை. நினைத்தேன்.

கோகிலவாணி பள்ளிச் சேலையில் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் படிக்க முடியாமல் போனதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அதிர்ச்சி.

"கதையை எப்படீங்க்கா முடிச்சீங்க?"

"இன்னும் முடிக்கல சாமி."

"அப்ப வாரேங்க்கா," என்று தன் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் வாரேன் என்றுதான் சொல்வார்கள். திரும்பி வராதவர்களும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மணி பதினொன்றாகிறது. மாமனார் வாசலில் குடங்களை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருக்கிறார். வசந்தாமணி போனை எடுக்கவில்லை. தாளாளர் அறைக்குள் எட்டிப் பார்க்க என் மாடி போதாது. இதைப் படிக்கிற நீங்கள் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். உள்ளே அவர் என்ன சொன்னார்? சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.