முள் கீழே இறங்கியது

"ஹீட்டரப் போட்டாத்தான்க்கா வண்டி தாங்கும். எஞ்சின் சூட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கும். நீ கண்ணாடிய நல்லா இறக்கிக்கோ."

அக்கா கண்ணாடியை இறக்கினாள். உச்சி வெயில். காலடியில் அடுப்பு மூட்டியதுபோல ஹீட்டர் அனல் கக்குகிறது. வேறு யாராக இருந்தாலும் தம்பியின் மண்டையில் நச்சென்று ஒன்று போட்டிருப்பார்கள்.

"பஸ்ஸு நாலு மணிக்குத்தானே? மூணேகாலுக்கே கொண்டுபோய் நிறுத்திருவேன். பெட்டிய நானே ஏத்திவிடுறேன்."

"ம்."

பின்சீட்டில் இரண்டு பெட்டிகள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. ஒரு பெட்டியில் குளிர்காலத் துணி, வேனில் துணி எல்லாம் சேர்த்தே அடுக்கியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து, எப்போ திரும்பி வருவாய் என்று கேட்க தம்பிக்கு வாய் வரவில்லை.

வண்டி அப்பாவுடையது. இருபத்தாறு வயது, தம்பியைவிட இரண்டு வயது மூத்தது. அப்பா போன பிறகு அதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள் எல்லோரும். இவன்தான் விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டு அழுதான்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு மதியம், சமையலறையில் அம்மா சுருண்டு விழுந்தாள். அந்த நேரம் இவன், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கில் இந்த வண்டிக்கு ரேடியேட்டர் தேடிக்கொண்டிருந்தான். கிரீஸ் படும் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இரும்புக் குவியலுக்குள் இறங்கியவன். போன் சட்டைப் பையில். அக்கா பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ரேடியேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மூன்று வாரம் அக்கா திட்டித் தீர்த்தாள். "உன்னப் பெத்ததுக்கு அம்மா ஒரு ஸ்டெப்னி டயரப் பெத்திருக்கலாம்டா! அவசரத்துக்காவது ஒதவியிருக்கும்!" தட்டு பறந்தது, டம்ளர் பறந்தது. பிறகு ஒருநாள் சட்டென்று நின்றது. சாப்பாடு போட்டாள், துணி மடித்து வைத்தாள், கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள். அப்பாடா, கோபம் ஆறிவிட்டது என்று தம்பி நிம்மதியாகத் தூங்கினான். ஆனாலும் 'மன்னிச்சிரு அக்கா' என்று முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வாடகை வண்டி வேண்டவே வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று இன்று கெஞ்சிக் கூத்தாடினான்.

பாதி தூரம் ஓடியும் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்தான் பாதியைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி.

ஓரங்கட்டினான். ஆறட்டும் என்று பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும், அது அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் மணி இரண்டரை. துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று சீறிய கொதிநீர் மணிக்கட்டில் அடித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையை உதறிக்கொண்டே இரண்டு பாட்டில் தண்ணீரையும் உள்ளே கவிழ்த்தான். கீழே குனிந்து பார்த்தால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குழாய் வெடித்துச் சொட்டுகிறது. அந்த ரேடியேட்டரைத் தொடவே கை கூசி, ஒரு மாதம் கழித்து, அழுதுகொண்டே அவசரமாக மாட்டியவன் அவன். ஹோஸ் மட்டும் பழசு போதும் என்று விட்டிருந்தான். இப்போது அதன்மேல் துணியைச் சுற்றி டேப்பைப் போட்டு இறுக்கிக் கட்டினான்.

வண்டி கிளம்பியது. முள் கொஞ்சம் ஏறுவதுபோல் காட்டிவிட்டு, அப்புறம் இறங்க ஆரம்பித்தது பாருங்கள்! பாதி, கால், அடிமட்டம். ஹீட்டரிலிருந்து அனல் போய்க் குளுகுளுவென்று காற்று.

"அக்கா, பாத்தியா! சரியாயிருச்சு! முள்ளு இறங்கிருச்சு, காத்து பாரு, ஏசி மாதிரி! அப்பா வண்டியாச்சேக்கா இது!"

அக்கா அந்தக் காற்றில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இதுதான் நேரம் என்று அவன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

கடகடவென்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, பொசுக்கென்று நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் என்றதோடு சரி.

அக்கா போனை எடுத்தாள். அமைதியாக வாடகை வண்டிக்குச் சொன்னாள். இவன் தன் பங்குக்குப் போல்ட்டைக் கூப்பிட்டான். பள்ளியில் கூடப் படித்து, இப்போது மெக்கானிக்காக இருப்பவனின் பட்டப்பெயர் அது. பைக்கில் பறந்து வந்த போல்ட்டு, எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்து, மூடிக்குள் எட்டிப் பார்த்து, தலையில் கை வைத்தான்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல மச்சான். எஞ்சின் இறுகிப்போச்சு."

"முள்ளு இறங்குச்சுடா! சத்தியமா. காத்துகூட ஜில்லுன்னு வந்துச்சு."

"அட வெளக்கெண்ண, அந்த முள்ளு தண்ணியோட சூட்டத்தான்டா காட்டும். தண்ணியே இல்லன்னா எதக் காட்டும்? ஹீட்டரும் அப்படித்தான், உள்ள சுடுதண்ணி ஓடுனாத்தான் சூடு வரும். ஜில்லுன்னு வந்தா சரியாயிருச்சுன்னு அர்த்தமில்ல. எல்லாம் வத்திப்போச்சுன்னு அர்த்தம்."

தம்பி மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பெட்டிகளை அவளே இறக்கி வைத்திருந்தாள். நெற்றியில் கோபத்தின் சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

வாடகை வண்டி வந்து நின்றது.

"அக்கா, திட்டிட்டாவது போக்கா. நாலு அறை வேணாலும் விடு."

"திட்டுறதுக்கு ஒண்ணுமில்லடா."

ஏறப்போனவள் நின்றாள். அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. பயணத்துக்கென்று பையில் வைத்திருந்த குட்டித் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை அதன்மேல் ஊற்றினாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "மருந்து போடு" என்றாள். கதவு மூடியது. வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. அவன் மன்னிப்பு இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

தம்பி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். போல்ட்டு இழுத்துப்போகக் கயிற்றைக் கட்டியபடி, "எஞ்சின் ஹெட்டக் கழட்டிப் பாத்தாத்தான்டா மிச்சம் என்னன்னு தெரியும்" என்றான், வண்டியைப் பற்றி.

மணி மூன்றரை. போன் ஈரக் கையில் இருக்கிறது. அக்காவுக்குள் இன்னும் கொதிக்கிறது என்றால், அவசரப்பட்டு மூடியைத் திறக்கக் கூடாது, ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும். எல்லாம் வற்றிப்போய்விட்டது என்றால், காத்திருந்து ஒரு பயனும் இல்லை. ஆனால் வற்றிப்போனவள் அந்தக் கையில் தண்ணீர் ஊற்றுவாளா? பஸ் கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள், அவன் இப்போதே கூப்பிடலாமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?