இடது விங்கில் ஆடியவள்

கிரேக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெலார்கோஸ் ஹேண்ட்பால் கழகத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. அதற்கு ஒரு மலர் போட்டே ஆகவேண்டும் என்று தலைவர் திமோலியோன் ஒற்றைக்காலில் நின்றான். எழுதும் வேலை எவாந்தியாவின் தலையில் விழுந்தது. பழைய சங்கதிகளெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி என்று கூட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். அத்துப்படியாக இருப்பதுதான் அவளுடைய தொல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது.

எவாந்தியா அந்தக் கழகத்தின் முதல் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர். பதினேழு வருஷம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று பந்துகளை மூஞ்சியில் வாங்கியவள். இப்போது அறுபத்து மூன்று வயதில் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். அரங்கத்துச் சாவி, கடிதப் போக்குவரத்து, விளக்குமாறு எல்லாம் சேர்த்துத்தான் செயலாளர்.

முதல் பக்கங்கள் தடையில்லாமல் வந்தன. பள்ளிக்கூட முற்றத்தில் தார்த்தரையில் ஆடி முழங்கால் தேய்ந்த வருஷங்கள். கோடை முழுக்கப் பீச் பழ டப்பா ஆலையில் தோல் உரித்த பெண்கள், குளிர்காலத்தில் பைன் பிசினை விரல்களில் தடவிக்கொண்டு பந்தைப் பிடித்த கதை. பிசின் இல்லாமல் ஹேண்ட்பால் இல்லை. பந்து கையில் ஒட்டவேண்டும். சோப்புக்கு அது மசியாது. ஆட்டம் முடிந்ததும் ஆலிவ் எண்ணெய் விட்டுத் தேய்த்துத்தான் எடுப்பார்கள். பிசின் கையோடு வீட்டுக்குப் போய் மாமியாரிடம் வசவு வாங்கியவர்கள் பட்டியலைக்கூட எழுதினாள். பிறகு சாதனைகள் என்று தலைப்புப் போட்டாள். அங்கே பேனா நின்றுவிட்டது.

பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கோப்பை. எண்பத்தெட்டாம் வருஷம், தெசலோனிக்கியில் நடந்த இறுதிப் போட்டியில், ஏதென்ஸிலிருந்து வந்த பெரிய அணியை இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று என்று தோற்கடித்தது பெலார்கோஸ். மார்பில் கழகத்தின் பெயரான செங்கால் நாரை போட்ட சட்டைகளோடு ரயிலில் திரும்பியபோது ஊரே நிலையத்துக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டில் ஒன்பது கோல் இடது விங்கில், அதாவது இடது ஓரத்தில், ஆடிய ஸ்டமாத்தியா கரிபீது போட்டது. ஆட்டத் தாளில் அப்படித்தான் இருக்கிறது, ஊரும் அப்படித்தான் சொல்கிறது.

"அக்கா, ஸ்டமாத்தியா அக்காவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிடுங்க. கோப்பையைக் கையில குடுத்து இப்ப ஒரு போட்டோ எடுத்துப் போட்டா கும்முனு இருக்கும்" என்றான் திமோலியோன். எண்பத்தெட்டில் அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. எவாந்தியா சரி என்று தலையை ஆட்டினாள்.

அந்தப் போட்டியில் ஸ்டமாத்தியா ஆடவே இல்லை. அப்போது அவளுக்கு நான்கு மாதம். ஆடியவள் அவளுடைய தங்கை கலிரோயி, பத்தொன்பது வயதுக்காரி. அக்காவைவிட நன்றாக ஆடுவாள். ஆனால் அவளுக்கு ஆட்டக்காரர் அட்டை கிடையாது. இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று டாக்டர் முத்திரை குத்த மறுத்துவிட்டார். பயிற்சியாளர் ஹரிலாவோஸ் அக்காவின் அட்டையை வாங்கித் தங்கையின் கையில் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே புருவம். நடுவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சரி என்று கையெழுத்துப் போட்டார். அணியில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு டாக்டருக்குக் கேட்ட இரைச்சலுக்காகக் கோப்பையை விடுவதா என்று எல்லாரும் சிரித்தார்கள். எவாந்தியாதான் அதிகமாகச் சிரித்தாள்.

இதில் பாதி, ஊரில் சில கிழங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி எவாந்தியாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவளால் அரங்கத்தில் தனியாக இருக்க முடிவதில்லை.

பட்டப்பகலில்தான் அது நடக்கும். காலைப் பள்ளிப் பிள்ளைகள் போய், மாலைப் பயிற்சிக்கு ஆள் வருமுன், உயரத்து ஜன்னல்கள் வழியாக வெயில் தரையில் விழுந்துகிடக்கும் நேரம். எவாந்தியா பெருக்கிக்கொண்டிருப்பாள். இடது மூலையிலிருந்து காலடி கேட்கும். ஹேண்ட்பாலில் பந்தைப் பிடித்தவள் மூன்று அடிதான் வைக்கலாம், பிறகு எறிந்தாக வேண்டும். மூன்று அடி கேட்கும், ரப்பர் அடிப்பாகம் தரையில் கிறீச்சிடும் சத்தத்தோடு. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. பந்து வராது. எவாந்தியாவின் உடம்பு மட்டும் பழைய பழக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விளக்குமாற்றோடு கையைத் தூக்கி நிற்கும் கிழவியைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வராது.

இடது கம்பம் வேறு. புதுத் தரை போட்ட நாளிலிருந்து நகராட்சி பிசினுக்குத் தடை விதித்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஒரு பிசின் டப்பா உள்ளே வந்ததில்லை. இருந்தும் அந்தக் கம்பத்தின் உள்விளிம்பில், தோள் உயரத்தில், விரல் வைத்தால் ஒட்டும். இரண்டு தடவை வர்ணம் அடித்தாயிற்று. வெயில் காலத்தில் மரம் கசிகிறது என்று சொல்லிப் பார்க்கலாம், கம்பம் இரும்பு. வாரத்துக்கு ஒருமுறை எவாந்தியா எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பாள். அவள் கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல.

கோப்பை வந்த பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நடந்தது அது. கலிரோயி இடது மூலையிலிருந்து ஓடிவந்தாள். மூன்று அடி வைத்தாள், குதிக்கவில்லை. கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். மயக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஹரிலாவோஸ் ஓடிவந்து பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலில் அவர் கேட்டது தண்ணீர் அல்ல, மேல்கோட்டு. சட்டையைக் கழற்றி, கோட்டைப் போட்டு, தூக்கிப் பார்வையாளர் வரிசையில் கிடத்துங்கள் என்றார். வேடிக்கை பார்க்க வந்தவள் மயங்கி விழுந்தாள், அவ்வளவுதான் கதை. ஆடினாள் என்று தெரிந்தால் கோப்பை போகும், கழகம் போகும், தானும் உள்ளே போகவேண்டியதுதான் என்று புலம்பினார்.

"கையைப் பாருங்கடி. கையெல்லாம் பிசின். வேடிக்கை பாக்க வந்தவ கையில எப்படிப் பிசின் வரும்? எவாந்தியா, எண்ணெய் எடு" என்றார்.

எவாந்தியா எண்ணெய் எடுத்தாள். பத்து விரல், நகக்கண் உட்பட. பிசின் லேசில் விடாது என்று முன்பே சொன்னேன். சுவரில் பெரிய ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு அதை ஓடவிடுவது அவர்கள் வழக்கம். எட்டு நிமிஷம். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போயிற்று. வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கலிரோயியின் விரல்கள் எவாந்தியாவின் கட்டைவிரலைப் பிடித்தன. லேசாக அல்ல, பந்தைப் பிடிப்பதுபோல. எவாந்தியா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையையும் துடைத்து முடித்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தக் கை சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை.

விழுந்த கணமே போய்விட்டாள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வீட்டாரிடம் ஹரிலாவோஸ் சொன்னார். அவரும் போய்ச்சேர்ந்து வெகு காலமாயிற்று. எட்டு நிமிஷத்தை எவாந்தியாவிடம் விட்டுவிட்டுப் போனார்.

பெண்களின் தாய்க்காகத்தான் அத்தனை வருஷமும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் போன குளிர்காலத்தில் தொண்ணூற்று நான்கு வயதில் கண்ணை மூடினாள். இனி மறைப்பதற்குச் சாக்கு இல்லை. பெயரை மாற்றி எழுத ஸ்டமாத்தியாவிடம் அனுமதி கேட்பது பெரிய காரியமில்லை. அந்த எட்டு நிமிஷத்தைச் சொல்வதுதான் காரியம். அதைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தை எழுதினால் மிச்ச நாளும் அந்த மூன்று அடியைக் கேட்டுக்கொண்டே சாகவேண்டும் என்று எவாந்தியாவுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், ஸ்டமாத்தியா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஸ்டமாத்தியா பருத்துப்போயிருந்தாள், மூட்டுவலி. ஆனாலும் வாய் குறையவில்லை. புத்தகம் போடறாங்களாமே, என்னைப் போட்டோ எடுக்கப்போறாங்களாமே, மூணு தாடையும் ஒரே படத்துல அடங்குமா என்று கேட்டுக்கொண்டே காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். எவாந்தியா சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது கோலுக்கும் கலிரோயி பேரைத்தான் போடப்போகிறேன் என்றாள்.

ஸ்டமாத்தியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போடு. முப்பத்தேழு வருஷமா அந்த ஒம்பது கோலைத் தூக்கிச் சுமக்கிறேன். சந்தைக்குப் போனா, 'வாங்க ஒம்பது கோல்'ங்கிறான் மீன்காரன். பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல பாட்டி பெருமை. ஒவ்வொரு தடவையும் அவ தட்டிலேருந்து எடுத்துத் தின்னுற மாதிரி இருக்கும். அட்டையைக் குடுத்தவ நான்தானே. கேட்டதும் குடுத்தேன், ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லல."

பாதி வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எவாந்தியாவுக்கு மார்பில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் ஸ்டமாத்தியா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. ஆஸ்பத்திரியில அவ கையை எடுத்து முத்தம் கொடுத்தேன். எண்ணெய் வாசனை. நகத்துக்குள்ளகூட அழுக்கில்ல. அப்பவே புரிஞ்சுது. செத்த பொண்ணை ஒயினும் எண்ணெயும் வச்சுத் துடைக்கிறது வீட்டு ஆளுங்க செய்யக்கூடாது, வெளிப் பொம்பளைங்கதான் செய்யணும். போலீசு, டாக்டர், கத்தின்னு அவளை யார் யாரோ தொடறதுக்கு முன்னால, நம்ம வழக்கப்படி கையையாவது துடைச்சுவிட ஒருத்தி இருந்திருக்கா. யாருன்னு ஹரிலாவோஸைக் கேட்டேன். உன் பேரைச் சொன்னாரு. அதனாலதான் வருஷா வருஷம் அவ நினைவு நாளுக்கு வேகவைக்கிற கோதுமையில முதல் கிண்ணம் உன் வீட்டுக்கு வருது."

முப்பத்தேழு கிண்ணம். சர்க்கரையும் மாதுளையும் போட்டு, வெள்ளைத் துணி மூடி, ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தது. பழைய சிநேகத்துக்காக வருகிறது என்று எவாந்தியா நினைத்திருந்தாள். உட்கார்ந்து தின்றும் இருக்கிறாள்.

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சும்மா இருந்துவிடு, அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆறுதலை ஏன் பிடுங்குகிறாய் என்று எவாந்தியாவுக்குள் ஒரு குரல் கேட்டது. குரல் ஹரிலாவோஸுடையதாக இருந்தது. அதனாலேயே அவள் அதற்குக் கீழ்ப்படியவில்லை.

"அவ அப்ப சாகல ஸ்டமாத்தியா."

ஸ்டமாத்தியா புரியாமல் பார்த்தாள்.

"நான் துடைச்சப்ப உசிரு இருந்துச்சு. பிசின் தெரியக்கூடாதுன்னுதான் துடைச்சேன், வழக்கத்துக்காக இல்ல. எட்டு நிமிஷம். அதுக்கப்புறம்தான் போன் பண்ணாங்க. என் கட்டைவிரலைப் பிடிச்சா. நான் பிரிச்சுவிட்டுட்டுத் துடைச்சேன்."

ஸ்டமாத்தியா தன் மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை எடுத்து, உடைந்துவிடும் பண்டத்தை வைப்பதுபோல, மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் கைகளை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"மறுபடி சொல்லு" என்றாள்.

எவாந்தியா மறுபடி சொன்னாள். எந்தக் கை என்று ஸ்டமாத்தியா கேட்டாள். வலது என்றாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று கேட்டாள். தெரியாது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள் எவாந்தியா. திட்டுவாள், அடிப்பாள், கரண்டியை எறிவாள் என்று காத்திருந்தாள். ஏதாவது ஒன்று நடந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டமாத்தியா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள், திரும்பவில்லை.

"கிளம்பு. இனிமே இந்த வாசல்ல நிக்காத. ஆனா எழுது. எங்கிட்ட சொன்னதை அப்படியே எழுது. ஒரு எழுத்து குறையக்கூடாது."

எவாந்தியா நேராக அரங்கத்துக்குப் போய் மேஜைமுன் உட்கார்ந்து எழுதினாள். மறுநாள் அதைப் படித்த திமோலியோனின் முகம் அன்றைய ஹரிலாவோஸின் முகம்போலவே வெளுத்தது. அக்கா, இதைப் போட்டா கோப்பையைத் திருப்பிக் கேப்பாங்க, வேண்டாம் என்று கெஞ்சினான். கேட்டால் கொடுத்துவிடு, கோப்பை அலமாரிப் பூட்டைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மலரில் சாதனைகள் என்ற தலைப்பின் கீழ் நான்கே வரிதான் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, கோப்பை. இடது விங்கில் ஆடி ஒன்பது கோல் போட்டவள் கலிரோயி கரிபீது, வயது பத்தொன்பது. பதினெட்டு நாள் கழித்து இந்த அரங்கத்தில் விழுந்தாள், எட்டு நிமிஷம் அவளுக்காக யாரும் உதவி கேட்கவில்லை. அந்த எட்டு நிமிஷமும், தன் கட்டைவிரலைப் பிடித்த விரல்களைப் பிரித்துவிட்டு, பிசின் தெரியாதபடி அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எவாந்தியா, கோல்கீப்பர்.