தீர்த்தகாஜியின் வாசலில் நின்ற வரிசை

மதயா நாளில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. அந்த வருடம் யார் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவர்கள் எல்லோரும் விடியும் முன்பே கூடி, ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடு, நேபாளத்தில் எங்கள் லலித்பூரில் இருக்கும் புத்தர் தூபி அத்தனைக்கும் விளக்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். வழியில் பிள்ளையார், சிவன், கிருஷ்ணர் யார் இருந்தாலும் அவர்களுக்கும் உண்டு. ஒன்றைக்கூட விடக் கூடாது. விட்டால் செத்தவருக்கு அந்த இடத்தில் வெளிச்சம் கிடைக்காது. என் புருஷன் பஞ்சலால் இருட்டில் தட்டுத் தடுமாறுவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேனா? அதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் என் தோழி அஷ்டமாயா, அவள் அப்பாவுக்காக. எனக்குப் பின்னால் மிட்டாய்க் கடை கியான்ரத்னா, அவர் அத்தைக்காக. புத்தரைப் பயமுறுத்த வந்த பேய்களில் ஒன்றாக வேஷம் கட்டியிருந்தார். தலையில் கொம்பு, முகத்தில் கரி. ஆனால் அந்தத் தொப்பையைப் பார்த்தால் குழந்தைகூடப் பயப்படாது. செத்தவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கவும் அன்றைக்கு ஆள் வேண்டுமே.

கும்பேஸ்வரர் கோயிலில் சிவனுக்கு அரிசி தூவிவிட்டு, தங்க விகாரையில் புத்தருக்கு விளக்கு வைத்தோம். அங்கே திரியும் ஆமை ஒன்று அஷ்டமாயாவின் கால்மேல் ஏறப் பார்த்தது.

"ஏன்டி, இது உன்னை விட வேகமா போகுது," என்றேன்.

"அதுக்கு மூட்டுவலி இல்ல. எனக்கு இருக்கு," என்றாள். "நீ இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்க ஹீரா. எனக்கு அதுதான் பயமா இருக்கு. அந்த வீட்டு வாசல்ல ஏதும் பண்ணிடாத."

அந்த வீடு என்றால் என் கொழுந்தன் தீர்த்தகாஜியின் வீடு. அதன் முற்றத்தில், என் வீட்டுக்காரரின் தாத்தா கட்டிய சின்னத் தூபி இருக்கிறது. பாகம் பிரித்தபோது அந்த முற்றம் தம்பியின் பங்குக்குப் போனது. தூபியின் மாடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு தாராதேவி சிலை இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதைக் காணவில்லை. சிலைத் திருடர்கள் எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? ஆனால் என் வீட்டுக்காரர் ஆத்திரத்தில், மங்கள் பஜாரில் எங்கள் செம்புப் பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டு, அத்தனை பேர் காதிலும் விழ, "வீட்டுச் சாவி யார் இடுப்புல இருக்கோ அவனையே கேளுங்க, தாராவை என்ன விலைக்கு வித்தான்னு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே தீர்த்தகாஜி முற்றத்துக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். அன்றிலிருந்து மதயா வரிசை அந்தக் கதவுக்கு வெளியே, படியில் விளக்கை வைத்துவிட்டுப் போகிறது. எங்கள் மாமியார் இறந்த வருடம் என் வீட்டுக்காரரும் பெற்ற தாய்க்கு அந்தப் படியில்தான் விளக்கு வைத்தார். அன்று அவர் அழுததை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதும் இதைத்தான். "எனக்கு விளக்கு உள்ள வைக்கணும் ஹீரா, படியில இல்ல. அப்புறம், தாரா விஷயத்துல நான் பேசினது தப்பு. அவன் எடுக்கல. எனக்கு அப்பவே தெரியும். நாலு பேர் நடுவுல சொன்னேன். நீயும் நாலு பேர் நடுவுலயே அதை மாத்திச் சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். ஆனால் முதலில் கதவு, பிறகுதான் வார்த்தை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். தீர்த்தகாஜி சுடுகாட்டில் ஓரமாக வந்து நின்றானாம். என் வீட்டு வாசப்படி ஏறவில்லை. அப்படிப்பட்டவனிடம் நானாகப் போய் நிற்க வேண்டுமா? நடக்காது.

கிருஷ்ணர் கோயிலைத் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, செங்கல் தரை வழுக்கியது. பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு, அதில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. படியெல்லாம் மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன விளக்குகள். அஷ்டமாயாவும் ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். நான் நகரவில்லை. விளக்குகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நடங்க," என்றார் கியான்ரத்னா.

"கதவு தெறக்கட்டும், நடக்கறேன்."

"பின்னாடி ஊரே நிக்குதுக்கா."

"நிக்கட்டும். முந்தித்தான் போகக் கூடாது. நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

அஷ்டமாயா திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்னேன்ல, எனக்குத் தெரியும்."

நான் மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "டேய் தீர்த்தகாஜி, ஜன்னலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா போயிடுவேன்னு நெனச்சியா? கூடப் பொறந்தவனுக்கு ஒரு விளக்கு வைக்க இடம் தரமாட்டியா? உங்க அண்ணன் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இதே சந்துல நடந்தாரு. உனக்கு நெஞ்சுல இருக்கறது கல்லா, காரையா?"

ஜன்னல் அசையவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இன்னும் கொஞ்சம் பேசினேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

இதற்குள் வரிசையில் பேச்சு பின்னோக்கிப் போக ஆரம்பித்துவிட்டது. ஏன் நிற்கிறது என்று அவர் கேட்க, இவர் சொல்ல, ஒவ்வொருவராகப் பின்னால் இருப்பவருக்குச் சொன்னார்கள். முன்னால் யாராவது செத்துவிட்டார்களா என்று ஒரு கிழவர் கேட்டார். "செத்தவங்களுக்காகத்தானே நடக்கறோம் பெரியவரே, சும்மா இருங்க," என்றது ஒரு பெண்குரல். எங்கோ மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்லா உக்காரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் கூடையிலிருந்த நெய்விளக்கைப் புடவைத் தலைப்பால் மூடி வைத்துக்கொண்டேன். கதவு திறக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை. திறக்கும். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் சந்தின் முனையில் சலசலப்பு. ஏதோ ஒன்று கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. தலைகள் திரும்பின, கைகள் நீண்டன. கடைசியில் அது கியான்ரத்னாவின் கரி பூசிய கைக்கு வந்தது. அவர் அதை என் மடியில் வைத்தார். சிவப்புக் கயிறு கட்டிய ஒரு சாவி.

"பின்னாடியிலேருந்து வந்துச்சுக்கா. அண்ணிகிட்ட குடுக்கச் சொன்னாராம்."

"யாரு?"

"வேற யாரு. அவரும் வரிசையிலதான் நிக்கறாராம், கிருஷ்ணர் கோயில் முன்னாடி. வெள்ளை உடுத்திக்கிட்டு, அண்ணன் பேருக்கு விளக்கு வச்சுக்கிட்டு வர்றாராம். முந்தி வரக் கூடாதுல்ல, அதனால சாவிய அனுப்பியிருக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க பேசினதும் ஒரு வார்த்தை விடாம அவருக்குப் போய்ச் சேர்ந்திடுச்சுக்கா. நம்ம ஜனங்க அதுல கெட்டிக்காரங்க," என்றார்.

ஆள் இல்லாத வீட்டைப் பார்த்து அத்தனை கத்தியிருக்கிறேன். அவனோ என் வீட்டுக்காரருக்காக, விடியும் முன்பிருந்து, நான் மிதித்த அதே சேற்றை மிதித்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறான். நான் கும்பிட்ட சாமியையெல்லாம் அவனும் கும்பிட்டிருக்கிறான், அதே பெயரைச் சொல்லி.

"அவ்வளவுதானா சொன்னான்?"

"மொத விளக்கு அண்ணியோடதா இருக்கட்டும்னு சொன்னாராம்."

எழுந்து பூட்டைத் திறந்தேன். முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், கொடியில் துணி, மூலையில் துளசிச் செடி. நடுவில் தாத்தாவின் தூபி. பாசி படியாமல் தேய்த்துக் கழுவி வைத்திருந்தான். மாடம் காலியாகத்தான் இருந்தது, ஆனால் அதிலும் குங்குமம் இருந்தது. தாரா இருந்த இடத்துக்குத் தினமும் பூஜை செய்கிறான், மடையன். விற்றவன் இதைச் செய்வானா?

விளக்கை ஏற்றி உள்ளே, தூபியின் காலடியில் வைத்தேன். "வச்சாச்சுங்க," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதன் பக்கத்தில் இன்னொரு விளக்கில் நெய் ஊற்றி, திரி போட்டு, ஏற்றாமல் வைத்தேன். அது அவன் ஏற்றட்டும்.

வெளியே வந்தேன். கதவு திறந்தாயிற்று, இனி வார்த்தை. அவனுக்காகக் காத்து நின்றால் என் நடை பாதியில் நின்றுவிடும், என் வீட்டுக்காரருக்கு இன்னும் பாதி ஊர் பாக்கி இருக்கிறது. அவர் நாலு பேர் நடுவில் என்றார். இதைவிடப் பெரிய கூட்டத்துக்கு நான் எங்கே போவேன்?

"கியான்ரத்னா," என்றேன். "பின்னாடி இருக்கறவர்கிட்ட சொல்லுங்க. மெதுவா இல்ல, சத்தமா. அவரு அவருக்குப் பின்னாடி இருக்கறவர்கிட்ட சத்தமா சொல்லணும். தாராவைத் தீர்த்தகாஜி விக்கல. பஞ்சலால் சொன்னது தப்பு. பஞ்சலாலே சாகறதுக்கு முன்னாடி அப்படிச் சொன்னாரு."

கியான்ரத்னா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொம்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பி, மிட்டாய் விற்கிற அதே குரலில் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அந்தக் கிழவர் சொன்னார், காது மந்தம் என்பதால் எல்லோரையும் விட உரக்கச் சொன்னார். தாராவைத் தீர்த்தகாஜி விக்கல, பஞ்சலால் சொன்னது தப்பு. சந்தின் முனை திரும்பும் வரை ஒவ்வொரு வாயாக அது போவது எனக்குக் கேட்டது. பிறகு சதுக்கத்தின் இரைச்சலில் கலந்துவிட்டது.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அஷ்டமாயாவின் பின்னால் நடக்கத் தொடங்கினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூட்டுவலி என்றாள். அடுத்த சந்தில் பிள்ளையாருக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தபோது கியான்ரத்னா என் தோளைத் தொட்டார்.

"பதில் வந்துச்சா?" என்றேன்.

"இல்லக்கா. கேட்டதும் அங்கேயே உக்காந்துட்டாராம். அழுறாராம். இப்ப வரிசைய நிறுத்தி வச்சிருக்கறது அவருதான். பின்னாடி இருக்கறவங்க எல்லாம் எழுந்து நடங்கன்னு சொல்றாங்களாம்."

"யாரும் அவனை அவசரப்படுத்த வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன். "அவன் அண்ணி சொன்னாள்னு சொல்லுங்க."